குரோமை விட்டு மாறலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு பிரவுசர் ஒப்பீடு

"அண்ணா, குரோம் வேண்டாம்னு சொல்றாங்களே, வேற எதைப் போடுறது?" கணினி பழுது பார்க்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கோத்தகிரியில் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துபவர் கேட்கிறார். குன்னூரில் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவர் கேட்கிறார். கூடலூர் பக்கம் இ-சேவை மையம் வைத்திருப்பவரும் கேட்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது வேலை கெடும்.

கேள்வி இப்போது கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சின்னச் சேர்க்கைகளை) குரோம் 2025 நடுவில் முழுசாக நிறுத்திவிட்டது. அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற பிரபலமான விளம்பரத் தடுப்பானும் போனது. போட்டுக் கொடுத்தது யார், அதன் பேர் என்ன என்றுகூடத் தெரியாமல் பயன்படுத்தியவர்கள், திடீரென்று எல்லாப் பக்கத்திலும் விளம்பரம் கொட்டுவதைப் பார்த்துத்தான் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றைப் போடாதீர்கள், இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அரசு, வங்கி வேலைக்கு ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. அந்த இரண்டாவது எது என்பதில்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில் பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். இதில் சறுக்கும் பிரவுசருக்கு வேறு எத்தனை வசதி இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அடுத்தது விளம்பரமும் பின்தொடர்தலும், அதாவது நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று நோட்டம் விடுவதும். இதைப் பலர் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அது இலவசம். விருந்தினர் கூகுளில் தேடுகிறார். தேடல் முடிவுகளின் உச்சியில் வருவது காசு கொடுத்து வைத்த இணைப்பாக இருக்கலாம். அதன் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் இருப்பதை போன் திரையில் யார் பார்க்கிறார்கள்? பணம் கேட்கும் பக்கம் அரசுப் பக்கம் இல்லை என்பது நமக்குத் தெரியும், வெளியூரிலிருந்து அவசரமாகக் கிளம்புகிறவருக்குத் தெரியாது. ஹோட்டல் புக்கிங், வங்கி உதவி எண் என்று தேடும்போதும் இதே ஆபத்துதான். தேடல் விளம்பரங்கள் வழியாக ஏமாற்றுவது பெருகியதால், 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லி எச்சரிக்கை வெளியிட்டது. அதனால் விளம்பரத் தடுப்பை நான் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

மூன்றாவது, போர்ட்டல் வேலை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வங்கித் தளம் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, பழைய மெஷினும் மெலிந்த டேட்டாவும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்கள் இங்கே இன்னும் நிறைய ஓடுகின்றன. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் ஃபைபர் கேபிளும் அதோடு போகும். அப்புறம் போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. கோடநாடு, மஞ்சூர் பக்கமெல்லாம் ஹாட்ஸ்பாட்டுக்கும் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு.

கடைசியாக, இலவசமாகத் தருகிறவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும், மாறுவதற்கு நம் கையிலிருந்து எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, உலா எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. ஒரே ஃபாக்டரித் தேயிலை வெவ்வேறு பாக்கெட்டில் வருகிற மாதிரிதான். கலவையும் விலையும் மாறும், இலை ஒன்றே. அதனால் குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் எல்லாருக்கும் ஓட்டை, யார் சீக்கிரம் அடைக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். கணினியில் உண்மையிலேயே வேறு அடித்தளம் வேண்டுமென்றால் பயர்பாக்ஸ், ஆப்பிள் மெஷினில் சஃபாரி. ஐபோனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம் நாட்டில் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற அடித்தளம்தான்.

## குரோம்: அப்படியே இருந்துவிட்டால்?

பாதுகாப்பில் குரோமைக் குறை சொல்வது கடினம். 2023 ஆகஸ்டில் வந்த 116-ஆம் பதிப்பு முதல் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறார்கள். ஒரு தளத்தில் நடக்கும் விஷமம் பக்கத்து டேபில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தைத் தொடாதபடி தளங்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் ஏற்பாட்டை 2018-லேயே கணினியில் கொண்டுவந்துவிட்டார்கள். போர்ட்டல் கட்டுகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பதும் இதில்தான்.

அந்தரங்கத்தில்தான் குறை. குரோமைத் தருகிறவர் விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம். அதன் தீர்மானங்களில் அது தெரியும். வேறு தளங்கள் நம்மைத் தொடரப் பயன்படுத்தும் குக்கிகளை (தளங்கள் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்புகளை) ஒழிப்பதாக வருஷக்கணக்கில் சொல்லிவிட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இன்காக்னிட்டோவில் இருந்தாலும் தகவல் சேகரித்ததாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், சேர்த்த பதிவுகளை அழிக்கச் சம்மதித்து அதே ஆண்டு சமரசம் செய்துகொண்டது. ஆகவே இன்காக்னிட்டோ என்பது வீட்டிலிருப்பவர்கள் ஹிஸ்டரியைப் பார்க்காமலிருக்க உதவும், அவ்வளவுதான்.

விளம்பரத் தடுப்புக்கு யுபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்னப் பதிப்பு இன்றும் குரோமில் ஓடுகிறது. சாதாரணத் தளங்களுக்கு அது போதும். பழைய பதிப்பின் முழு பலம் அதில் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் குரோமுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது.

யாருக்குச் சரி: நாள் முழுக்க அரசுப் போர்ட்டலிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இதிலேயே இருக்கலாம். மாற்றினால் தலைவலி மட்டும்தான் மிச்சம்.

## பயர்பாக்ஸ்

நான் தினமும் பயன்படுத்துவது இதைத்தான், ஆகவே என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முழு யுபிளாக் ஆரிஜின் இதில் இன்னும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது, அதுதான் பெரிய விஷயம். ஒரு தளத்தின் குக்கி இன்னொரு தளத்தில் செல்லுபடியாகாதபடி தனித்தனி டப்பாவில் அடைக்கும் ஏற்பாடு 2022 முதல் எல்லாருக்கும் இயல்பாகவே வருகிறது. எச்டிடிபிஎஸ் (நடுவில் யாரும் படிக்க முடியாத பாதுகாப்பான இணைப்பு) இல்லாத பக்கத்தைத் திறக்குமுன் கேட்கச் சொல்லி வைக்கலாம்.

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு நான் ஆசையாகக் காட்டுவது கன்டெய்னர் என்ற வசதியை. பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவே தரும் எக்ஸ்டென்ஷன் அது. ஹோம்ஸ்டேயின் ஜிமெயில், சொந்த ஜிமெயில், மச்சான் காட்டேஜையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் அவருடைய ஜிமெயில் என்று மூன்று இருக்கும். ஒன்றில் லாக்அவுட் செய்து இன்னொன்றில் நுழைந்து, தப்பான கணக்கிலிருந்து விருந்தினருக்குப் பதில் போவது வழக்கமான கூத்து. கன்டெய்னரில் ஒவ்வொரு கணக்கும் ஒரு நிறம். நீலக் கோடு போட்ட டேபில் ஒன்று, ஆரஞ்சுக் கோடு போட்டதில் மற்றொன்று, ஒரே ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில். குரோமில் ப்ரொஃபைல் வைத்து இதைச் செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல் திறக்கும். 4 ஜிபி மெஷின் அதற்கே திணறிவிடும்.

இன்னொன்று, முதன்மைக் கடவுச்சொல். கவுன்டரில் எல்லாரும் தொடும் கணினி என்றால், சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு மேல் ஒரு பூட்டுப் போட்டுவிடலாம். பிரவுசரைத் திறந்த பிறகு, சேமித்த பாஸ்வேர்டு முதல் தடவை தேவைப்படும்போது அதைக் கேட்கும். தெரியாதவர் நெட் பார்க்கலாம், பாஸ்வேர்டைத் தொட முடியாது.

பழைய மெஷின் விஷயத்திலும் இது கை கொடுத்தது. விண்டோஸ் 7, 8.1-க்கு குரோம் 109-ஓடு, அதாவது 2023 தொடக்கத்தோடு, கதை முடிந்தது. பயர்பாக்ஸ் தன் 115 இஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தம் தரும்) பதிப்புக்குக் காலக்கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்து அந்த மெஷின்களுக்குத் திருத்தம் கொடுத்து வந்தது. ஆனாலும் விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை எந்த பிரவுசரும் அடைக்காது. அந்த மெஷினில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

குறைகளைப் பார்ப்போம். சில தளங்கள் 'குரோமில் திறக்கவும்' என்று பிடிவாதம் பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்து மென்பொருள் சிலவற்றைச் சான்றிதழ் விஷயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் தளங்களைப் பிரித்து ஓட்டும் பாதுகாப்பில் குரோமியம் வகையறா முன்னே இருக்கிறது. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்புத் தேடலாக வைத்திருப்பதற்கு கூகுளே கொடுக்கும் பணம், வேடிக்கைதான். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளைத் திருத்தி எழுதியபோது, தகவலை விற்கமாட்டோம் என்ற பழைய வாக்குறுதியை எடுத்துவிட்டதாகச் சண்டை வந்து, சில நாளில் வாசகங்களை மாற்றி எழுதினார்கள்.

யாருக்குச் சரி: ஒரு மணி நேரம் உட்கார்ந்து அமைத்துக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கும், பல கணக்குகளை மேய்க்கிறவர்களுக்கும்.

## பிரேவ்

அமைத்துக்கொள்ளப் பொறுமை இல்லையா? பிரேவ். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995-ல் உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனம் இது. விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இன்ஸ்டால் செய்த நிமிடத்திலிருந்து வேலை செய்யும், போனிலும் அப்படியே. வீட்டில் பெரியவர்கள் போனுக்கு நான் போட்டுக் கொடுப்பது இதைத்தான். விளம்பரமும் தானே ஓடும் வீடியோவும் இறங்காததால் டேட்டா மிச்சமாவது கண்கூடாகத் தெரியும்.

குரோமியத் திருத்தங்களையும் தாமதமில்லாமல் சேர்த்துவிடுகிறார்கள். குரோமிலிருந்து வருகிறவர்களுக்குத் தோற்றமும் பழகியதுதான்.

இதன் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ், புதிய டேபில் ஸ்பான்சர் படம் என்று வேண்டாத சாமான்கள் கூடவே வரும். அமைப்புகளில் போய் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். 2020-ல் ஒரு கிரிப்டோ தளத்தின் முகவரியை அடிக்கும்போது தன் கமிஷன் குறியீட்டைத் தானாகச் சேர்த்துவிட்டுப் பிடிபட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

மற்றொன்று போர்ட்டல்காரர்களுக்கு முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆதார் கைரேகைக் கருவியை யுஎஸ்பியில் செருகினால், ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் உங்கள் கணினிக்குள்ளேயே பின்னால் ஓடும். 127.0.0.1 என்ற உள் முகவரியில், 11100 முதல் 11120 வரையிலான போர்ட்களில் ஒன்றில் அது காத்திருக்கும். போர்ட்டல் பக்கம் பிரவுசர் வழியாக அந்த முகவரியைத் தட்டி 'ரேகை எடு' என்று கேட்கும். கெட்ட தளங்களும் இதே வழியில் உங்கள் கணினிக்குள் துழாவலாம் என்பதால், பிரேவ் 2023 முதல் இந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. விளைவு: கருவியில் விளக்கு எரியும், டிரைவர் சரியாக இருக்கும், திரையில் மட்டும் கருவி கிடைக்கவில்லை என்று வரும். ஓஏபி பென்ஷன் வேலையாக வந்த பாட்டியிடம் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோளாறு விரலிலும் இல்லை, கருவியிலும் இல்லை. தள அமைப்புகளில் லோக்கல்ஹோஸ்ட் (மேலே சொன்ன உள் முகவரிதான்) அனுமதியில் அந்த போர்ட்டலைச் சேர்த்தால் ஓடும்.

குரோமும் இதே பாதைக்கு வந்துவிட்டது. 2025 இறுதியில் வந்த 142-ஆம் பதிப்பு முதல், உள் வலையமைப்பை அணுகலாமா என்று ஒரு பெட்டி கேட்கிறது. அவசரத்தில் 'பிளாக்' அழுத்திவிட்டால் அதே பாட்டி, அதே விரல். முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைத் தட்டி அனுமதியை மாற்றிக்கொள்ளலாம்.

யாருக்குச் சரி: வீட்டுக்கு, போனுக்கு, மெலிந்த டேட்டாவுக்கு. இ-சேவை மையத்தின் முதன்மை பிரவுசராக வேண்டாம்.

## எட்ஜ்

விண்டோஸோடு வந்துவிடுகிறது என்பதே இதன் பலம். தனியாக எதையும் இறக்க வேண்டாம். பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து ரேமை மிச்சம் பிடிப்பதில் நன்றாகவே வேலை செய்கிறது. 'உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று முழுத்திரையில் மிரட்டும் பக்கங்களைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை 2025-ல் சேர்த்திருக்கிறார்கள். (வேறு பிரவுசரில் அப்படி வந்தால் பதறாமல் எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகியதும் டேபை மூடிவிடலாம்.) பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் தளம் எதையாவது கட்டி அழுகிறீர்கள் என்றால், எட்ஜின் ஐஈ மோடுதான் வழி, 2029 வரையாவது அதைத் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

செலவு என்றால் நச்சரிப்புதான். செய்தி ஓடை, கூப்பன், கோபைலட், பிங்கை இயல்புத் தேடலாக்கச் சொல்லும் கோரிக்கை என்று வந்துகொண்டே இருக்கும். கூகுளிடமிருந்து தப்பி மைக்ரோசாஃப்டிடம் போவதை அந்தரங்க முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் போர்ட்டலுக்கென்று தனி பிரவுசர் வைக்க நினைப்பவருக்கு, ஏற்கெனவே இருப்பதை எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாமல் சுத்தமாக வைத்துக்கொள்ள இது தோதானது.

## மற்றவை

உலா: ஜோஹோ 2023-ல் வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசு வாங்கியது. வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி மோடுகள் உண்டு, பின்தொடர்தலைத் தடுக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே ஜோஹோ மெயில் ஓடுகிறது என்றால் முயன்று பார்க்கலாம். நம் ஊர்த் தயாரிப்பு என்பதற்காக மட்டும் மாறுவதென்றால், இதுவும் குரோமியம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

விவால்டி: ஐம்பது டேப் திறந்து வைத்து வேலை பார்க்கிற ஆசாமிகளுக்கு. 4 ஜிபி மெஷினில் போட வேண்டாம்.

ஓபரா மினி: டேட்டா மிச்சம் பிடிப்பது உண்மை. அதிகபட்சச் சுருக்க முறையில் பக்கம் அவர்களுடைய சர்வரில் பிரித்துச் சுருக்கப்பட்டுத்தான் உங்களுக்கு வருகிறது. செய்தி படிக்கலாம், வங்கி வேண்டாம். யுசி பிரவுசர் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. பழைய போனில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குரோம் | பயர்பாக்ஸ் | பிரேவ் | எட்ஜ் |
|---|---|---|---|---|
| பாதுகாப்புத் திருத்தம் | மிக வேகம் | வேகம் | வேகம் | வேகம் |
| விளம்பரத் தடுப்பு | லைட் பதிப்பு மட்டும் | முழு யுபிளாக் | உள்ளேயே உண்டு | தனியாகப் போட வேண்டும் |
| ஆண்ட்ராய்டில் தடுப்பு | இல்லை | உண்டு, நாமே சேர்க்க வேண்டும் | உண்டு, தானாகவே | உண்டு, இயக்க வேண்டும் |
| கைரேகை, கையெழுத்து டோக்கன் | நன்று, அனுமதிப் பெட்டியைக் கவனிக்கவும் | சில இடங்களில் மல்லுக்கட்டு | அனுமதி கொடுத்தால்தான் | நன்று |
| 4 ஜிபி மெஷின் | சுமார் | யுபிளாக்குடன் நன்று | நன்று | நன்று |
| யார் காசு | விளம்பரம் | பெரிதும் கூகுள் தேடல் ஒப்பந்தம் | சொந்த விளம்பரம், கிரிப்டோ | மைக்ரோசாஃப்ட் |
| எரிச்சல் | பின்தொடர்தல் | சில தளங்களின் பிடிவாதம் | வேண்டாத சாமான் | நச்சரிப்பு |

## மாறும்போது

புக்மார்க், பாஸ்வேர்டை எல்லாம் புதிய பிரவுசரே முதல் நாளில் இழுத்துக்கொள்ளக் கேட்கும். சில நேரம் பாஸ்வேர்டு மட்டும் வராது. குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாக, யாரும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்து அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். 'பாஸ்வேர்டு ஃபைல்' என்று தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஒரே நாளில் முழுசாகத் தாவாதீர்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் கிட்டத்தில் தொடவே கூடாது. ஹோம்ஸ்டேக்காரர்கள் மே சீசன் முடிந்து, மழை ஆரம்பித்து, அறை காலியாகக் கிடக்கும் வாரத்தில் செய்யலாம்.

போனில் இயல்பு பிரவுசரை மாற்ற மறந்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தட்டினால் எது திறக்கும் என்பதை அந்த அமைப்புதான் முடிவு செய்கிறது. ஏமாற்று இணைப்புகள் பெரும்பாலும் வருவதும் அங்கேதான். பிரேவைப் போட்டுவிட்டு இயல்பு பிரவுசர் குரோமாகவே இருந்தால், தடுப்பு இல்லாத பக்கமாகத்தான் அந்த இணைப்பு திறக்கும்.

பழைய குரோமை நீக்க வேண்டியதில்லை. அதில் எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு, சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு, போர்ட்டல்களின் புக்மார்க்கை மட்டும் விட்டுவையுங்கள். டெஸ்க்டாப்பில் அந்த ஐகானின் பெயரை 'ஆபீஸ் வேலை' என்று மாற்றி வைத்தால், கடையில் உதவிக்கு இருக்கும் பையனுக்கும் எதை எதற்குத் திறப்பது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.